ராடிம் ஹ்லாடிக்: வாயை மூடிக்கொண்ட கிட்டாரா?

ஜனவரி 11 (வாசகர் கேள்வி)

செக் ராக் என்றால் எனக்குத் தெரிந்து பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ் குழுதான். ஜெயிலுக்குப் போனார்கள், அடி வாங்கினார்கள், ஒரு நாட்டையே உலுக்கினார்கள். நீங்கள் இங்கே அடிக்கடி தூக்கிப் பிடிக்கும் புளூ எஃபெக்ட் குழுவின் கிட்டார்காரர் ராடிம் ஹ்லாடிக் என்ன செய்தார்? 1970க்குப் பிறகு குழுவின் பெயரை மாற்றிக்கொண்டார், பாட்டையே விட்டுவிட்டார், அரசாங்க ரேடியோவின் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவோடு உட்கார்ந்து கிட்டார் வாசித்தார். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டவர் என்றுதான் எனக்குப் படுகிறது. இல்லை என்பவர்கள் விளக்கலாம்.

ஜனவரி 11, இரவு

கேள்வியில் பாதி உண்மை. அதனால்தான் எரிச்சல் வருகிறது.

முதலில் காலத்தைச் சரியாக வைத்துக்கொள்வோம். 1968 ஆகஸ்ட் 21 அன்று வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தன. அதற்கடுத்த சில வாரங்களில் மிலன் ஹ்லவ்சா என்ற பதினேழு வயதுப் பையன் பிளாஸ்டிக் பீப்பிளைத் தொடங்கினான். அதே ஊரில், அதே இலையுதிர்காலத்தில், இருபத்தொரு வயது ஹ்லாடிக் புளூ எஃபெக்டைத் தொடங்கினார். இரண்டும் ஒரே வயதுக் குழுக்கள். ஒன்று வீரம், இன்னொன்று கோழைத்தனம் என்று பிரிப்பது நமக்குச் சுலபம், நாம் ஐம்பது வருஷம் கழித்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம்.

வித்தியாசம் ஒன்று உண்டு. ஹ்லவ்சா அப்போதுதான் கிட்டாரைத் தொடுகிறான். ஹ்லாடிக் ஏற்கெனவே நட்சத்திரம். தி மேட்டடர்ஸ் என்ற குழுவில் அவர் வாசித்த இசைத்தட்டை 1968லேயே சுப்ராஃபோன் கம்பெனி வெளியிட்டுவிட்டது. ஆங்கிலத்தில் பாடிய குழு. அதில் இரண்டு பேர் 'ஹேர்' இசை நாடகத்தில் வாசிக்க மியூனிக்குக்குப் போனார்கள். ஹ்லாடிக் பிராகில் புதுக் குழு கட்டினார். பாடகர் விளாடிமிர் மிஷிக், பாஸில் யிர்ஷி கோசெல், டிரம்ஸில் விளாடோ செக், இரண்டாவது கிட்டாருக்கு மிலோஷ் ஸ்வோபோடா.

மீதி நாளை. காலையில் ஷிஃப்ட்.

ஜனவரி 12

'பெயரை மாற்றிக்கொண்டார்' என்று கேள்வியில் இருக்கிறது. ஏதோ எண்கணித ஜோசியம் பார்த்து மாற்றிக்கொண்டதுபோல.

1969 ஏப்ரலில் சீர்திருத்தம் பேசிய கட்சித் தலைவர் டூப்செக்கை இறக்கிவிட்டு ஹூசாக்கைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். ஆங்கிலப் பெயர் வைத்த குழுக்கள் எல்லாம் செக் பெயருக்கு வந்தாக வேண்டும். ரேஞ்சர்ஸ் என்ற நாட்டுப்புறப் பாணிக் குழு 'ப்ளாவ்ட்ஸி' ஆனது. புளூ எஃபெக்ட் 'மோட்ரி எஃபெக்ட்' ஆனது, பிறகு அதுவும் தேய்ந்து 'எம். எஃபெக்ட்' ஆனது. ஒலிம்பிக் குழுவுக்கு மட்டும் அதிர்ஷ்டம், எந்த மொழியில் எழுதினாலும் அதே பெயர்தான். அதன் தலைவர் பெட்ர் யாண்டா இதை நினைத்து நிச்சயம் சிரித்திருப்பார்.

பெயர் மாற்றியது ஹ்லாடிக்கின் கொள்கை என்றால், பாடகி மார்த்தா குபிஷோவா 1970லிருந்து பாடாமல் இருந்ததும் அவருடைய விருப்பம் என்று சொல்வீர்களா? தடை போட்டார்கள் ஐயா.

ஜனவரி 12, இரவு

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நீங்கள் செக் மொழி தெரிந்தவரா, எங்கே கேட்டீர்கள் இதெல்லாம்?"

வேலைக்காக செக் நாட்டின் பிர்னோவில் சில வருஷம் இருந்தேன். கடை, பஸ், டாக்டர் அளவுக்கு மொழி வரும். நான் போனபோது ஹ்லாடிக் இல்லை, 2016 டிசம்பர் 4 அன்றே போய்விட்டார், எழுபது நிறைய ஒன்பது நாள் பாக்கி. அதனால் நேரில் கேட்ட கதை என்னிடம் கிடையாது. பழைய புத்தகக் கடைகளில் ஒரு மூலையில் இசைத்தட்டு அடுக்கியிருப்பார்கள், அங்கே மேய்ந்தவைதான் எல்லாம்.

என் பக்கத்து மேஜைக்காரர் அறுபதைத் தாண்டியவர், வாயைத் திறந்தாலே புகார்தான் வரும். ஒருநாள் ஹெட்போன் கழன்று என் கணினியில் புளூ எஃபெக்டின் 'ஸ்லூனெச்னி ஹ்ரோப்' சத்தமாக ஓடிவிட்டது. மனிதர் திட்டப் போகிறார் என்று பதறினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழுப்பாட்டையும் வரி தவறாமல் முணுமுணுத்துவிட்டு, முடிந்ததும் பழையபடி எக்செல் ஷீட்டைத் திட்ட ஆரம்பித்தார்.

1969ல் வந்த பாட்டு அது. சொந்தச் சிறுபிள்ளைப் பருவத்தைத் திரும்பிப் பார்க்கிற பாட்டு, கோஷம் எதுவும் இல்லை. சட்டசபைக்குள் போட்டாலும் யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் டாங்கிகள் வந்த அடுத்த வருஷம் ஒரு இருபது வயதுக்காரர் தொலைந்துபோன வெயிலைப் பற்றிப் பாடினால் கேட்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? ஒரு தலைமுறை அதை இன்னும் விடவில்லை.

ஜனவரி 14

இப்போது முக்கியமான குற்றச்சாட்டு. பாட்டை விட்டார்.

'மெடிட்டாட்செ' இசைத்தட்டு 1970ல் வந்தது, செக்கும் ஆங்கிலமும் கலந்தது. ஏற்றுமதிக்காக ஆங்கிலத்தில் மட்டும் பாடி 'கிங்டம் ஆஃப் லைஃப்' என்று இன்னொரு பதிப்பும் போட்டார்கள். வெளிநாட்டு டாலர் வேண்டும், உள்நாட்டுக் காதில் ஆங்கிலம் விழக் கூடாது. அரசாங்கங்களின் இந்த மாதிரிக் கணக்கு எனக்கு எப்போதுமே வேடிக்கை.

மிஷிக் 1970ல் விலகி ஃபிளமெங்கோ குழுவுக்குப் போனார். ஆங்கிலம் கூடாது, பாடகரும் இல்லை. இந்த நிலையில் 1971ல் 'நோவா சிந்தேசா' வருகிறது: செக்கோஸ்லோவாக் வானொலியின் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா, நடத்துநர் கமில் ஹாலா, நடுவில் மோட்ரி எஃபெக்ட். பாட்டே கிடையாது.

கேள்வி கேட்டவர் இதைத்தான் சரணாகதி என்கிறார். ஆனால் நடுவில் ஒரு இசைத்தட்டை அவர் தாண்டிக் குதித்துவிட்டார். 'கோனியுங்க்ட்ஸியோ', 1970. புளூ எஃபெக்டும் மார்ட்டின் க்ரடோக்வீலின் ஜாஸ் க்யூவும் சேர்ந்து செய்தது, யிர்ஷி ஸ்டிவீன் புல்லாங்குழலும் சாக்ஸபோனும். அதிலேயே பெரும்பகுதி வார்த்தை இல்லாத இசைதான். குழுவின் பெயர் இன்னும் ஆங்கிலத்தில் இருக்கும்போதே, பாட அனுமதி இருக்கும்போதே, ஹ்லாடிக் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். பாட்டைப் பிடுங்கியதால் மட்டும் அவர் ஜாஸுக்குப் போகவில்லை. போய்க்கொண்டிருந்தார். பின்னால் கதவைச் சாத்தினார்கள்.

ஜனவரி 14, கொஞ்சம் கழித்து

கோனியுங்க்ட்ஸியோவின் முதல் துண்டுக்குத் தலைப்பு: 'மார்கேட்டா அத்தை வீட்டுக்குப் போய் ஒரு கோப்பை டீ குடித்தது'. ஏறக்குறைய இருபது நிமிஷம் ஓடும். டீ குடிக்க இருபது நிமிஷமா என்று கேட்காதீர்கள். ஆரம்பத்தில் வருகிற சத்தத்தைக் கேட்டால் அத்தை வீட்டில் அடுப்பு வெடித்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள்.

1975 தட்டில் 'சாயோவ்னா' என்று இன்னொன்று இருக்கிறது, அதாவது டீக்கடை. இந்த மனிதருக்கும் டீக்கும் என்ன பந்தம் என்று யாராவது ஆராயலாம்.

ஜனவரி 17

"அரசாங்க ரேடியோ, அரசாங்க ரேடியோ" என்று மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். அரசாங்கம் அல்லாதது எது இருந்தது அங்கே? இசைத்தட்டுக் கம்பெனிகள் மூன்று: பிராகில் சுப்ராஃபோனும் பான்டனும், பிராட்டிஸ்லாவாவில் ஓபுஸ். மூன்றும் அரசின் பிடியில். கச்சேரி ஏற்பாடு செய்யும் நிறுவனங்களும் அப்படியே. 1970களின் முதல் பாதியில் தொழில்முறைக் கலைஞர்களை மறுபடி பரீட்சைக்கு உட்கார வைத்தார்கள். வாசித்துக் காட்ட வேண்டும், இசை இலக்கணம் சொல்ல வேண்டும், கூடவே அரசியல் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தேறினால் மேடை ஏறலாம், எந்தத் தரத்தில் தேறினாயோ அந்தத் தரத்துக்குச் சம்பளம். தேறாதவன் கொதிகலன் அறையில் கரி அள்ளலாம்.

நான் கல்லூரிக் காலத்தில் மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவன். கோயில் கொடையில் முதல் பாட்டு பக்திப் பாட்டு, மூன்றாவது பாட்டுக்குள் ஊர்ப் பெரியவர் கேட்ட தலைவர் பாட்டு, அதற்குப் பிறகுதான் நமக்குப் பிடித்தது. ராத்திரி ஒரு மணிக்கு மேல், பாதிக் கூட்டம் தூங்கிய பிறகு, எங்கள் லீட் கிட்டார்காரர் தனக்காக ஐந்து நிமிஷம் வாசிப்பார். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் அவர் முழு ராத்திரியும் நின்றார் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு எதிரே போலீஸ் இல்லை, கட்சி இல்லை, சம்பளம் குறைந்தால் ஊரைத்தான் திட்டுவோம். இரண்டையும் ஒன்றாக்க வரவில்லை. ஆனால் அடுத்தவன் போட்ட பட்டியலுக்குள் நின்றுகொண்டு தனக்கென்று ஓர் இடம் ஒதுக்குகிற கைகளை அங்கேதான் முதலில் பார்த்தேன். அதற்காகக் கோழை என்கிற சொல்லை நான் எடுக்க மாட்டேன்.

ஜனவரி 18

சேலத்து நண்பர் ஒருவர், மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் பிளாஸ்டிக் பீப்பிள் பெரிய விஷயம் இல்லை என்கிறீர்களா" என்று தனிச்செய்தியில் சண்டைக்கு வந்தார்.

இல்லவே இல்லை. 1970ல் அவர்களுக்குத் தொழில்முறை அனுமதி போயிற்று. பிறகு கல்யாணம், கிராமத்துக் கொட்டகை என்று ஒளிந்து ஒளிந்து வாசித்தார்கள். 1976 மார்ச்சில் கைது, செப்டம்பரில் வழக்கு. குழுவை வழிநடத்திய இவான் யிரோஸுக்குப் பதினெட்டு மாதம், சாக்ஸபோன்காரர் ப்ரபெனெட்ஸுக்கு எட்டு மாதம். அந்த வழக்கின் சூட்டில்தான் 1977 ஜனவரியில் மனித உரிமை கேட்ட சார்ட்டர் 77 அறிக்கை பிறந்தது. இதில் குறைக்க என்ன இருக்கிறது? நான் சொல்வது, ஒருவரைப் பெரியவராக்க இன்னொருவரைச் சின்னவராக்கத் தேவையில்லை என்பதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடிக்க வராதீர்கள்: கிட்டார் என்ற வாத்தியத்தை வைத்துப் பார்த்தால் ஹ்லாடிக் பக்கத்தில் அவர்களை நிறுத்தவே முடியாது.

ஜனவரி 21

யாருமே ஹுட்கா பெயரை எடுக்காதது ஆச்சரியம். விவாதம் முழுக்க அவரில்தான் இருக்கிறது.

யரோஸ்லாவ் ஹுட்கா நாட்டுப்பாடகர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிரான்டிஷெக் சுஷில் என்ற பாதிரியார் மொராவியக் கிராமங்களில் அலைந்து தொகுத்த பாட்டுகளைத் தூசு தட்டி எடுத்துப் பாடியவர். அந்தப் பாட்டுகளின் இரண்டு இசைத்தட்டுகளில், 1974ல் வந்த 'ஸ்டூய் ப்ர்ஷீசோ செலேனா', 1976ல் வந்த 'வாண்ட்ரோவலி ஹுட்ஸி', கிட்டார் வாசித்தது நம்ம ஹ்லாடிக். சுப்ராஃபோனே வெளியிட்டது. மேடையிலும் இருவரும் சேர்ந்தே வாசித்தார்கள்.

அந்த ஹுட்கா சார்ட்டர் 77ல் கையெழுத்துப் போட்டார். கச்சேரிகளுக்குத் தொல்லை, வழக்கு, கடைசியில் 1978 அக்டோபரில் நெதர்லாந்துக்கு வெளியேற்றம். 1989 நவம்பரில் திரும்பி வந்து பிராகின் லெட்னா மைதானத்தில் லட்சக்கணக்கான பேர் முன்னால் பாடினார்.

ஆக ஒரே ஆளின் வலது பக்கம் அரசு வானொலியின் ஆர்கெஸ்ட்ரா, இடது பக்கம் நாடு கடத்தப்படப்போகிற பாடகர். இரண்டும் அடுத்தடுத்த வருஷங்களில். ஹ்லாடிக்கை எந்தப் பெட்டியில் போடப் போகிறீர்கள்?

ஜனவரி 21, இரவு

தூக்கம் வரவில்லை, 'ஸ்டூய் ப்ர்ஷீசோ செலேனா' ஓடுகிறது. இது மெடிட்டாட்செயில் கிட்டாரைக் கதற விட்ட அதே கை என்று நம்ப முடியவில்லை. பாடகரின் மூச்சுக்கு இடம் விட்டு, வரி முடிகிற இடத்தில் மட்டும் உள்ளே வருகிறார். சத்தம் போடத் தெரிந்தவன் அடக்கி வாசிப்பது ஒரு தனி ருசி.

ஜனவரி 22

காலையில் மேலே உள்ளதைப் படித்தேன், ஒரு சந்தேகம். ஹுட்காவோடு வாசித்ததை நான் ஏதோ நற்சான்றிதழ் போல நீட்டுகிறேனோ? இசைத்தட்டுகள் வந்தது 1974, 1976. கையெழுத்துப் போட்டது 1977. வாசித்தபோது ஹுட்கா இன்னும் கடையில் கிடைக்கிற பாடகர்தான். அதனால் அதைத் துணிச்சல் என்று எழுதுவதும் பின்னால் வந்தவனின் சௌகரியம். ஹ்லாடிக் நல்ல பாட்டு கேட்டார், வாசித்தார். அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வதே நேர்மை.

அதேபோல 'வார்த்தையில்லாத இசையே எதிர்ப்பு' என்று ஒரு தம்பி எழுதியிருப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. நோவா சிந்தேசாவில் வரும் பித்தளை வாத்தியங்கள் எந்த ஆட்சியையும் எதிர்க்கவில்லை. சில இடங்களில் கிட்டாரைத்தான் எதிர்க்கின்றன.

ஜனவரி 25

நோவா சிந்தேசாவைப் பற்றி கிண்டல் அடித்தது போதும், கொஞ்சம் நியாயமாகவும் பேசுவோம். பெரிய ஊதுவாத்தியக் குழுவையும் ராக் குழுவையும் சேர்ப்பது அப்போது உலகம் முழுக்க எல்லோருக்கும் ஆசை. பெரும்பாலும் என்ன ஆகும்? இரண்டு குழு மாறி மாறி வாசிக்கும், ஒருவர் ஓய்ந்ததும் மற்றவர். இங்கேயும் முதல் சில நிமிஷம் அப்படித்தான். பிறகு ஹ்லாடிக் பித்தளைகளின் மேல் ஏறாமல் அடியில் நுழைகிறார், ஃபஸ் போட்டுக் கரகரக்க வைத்த ஒற்றைச் சுரத்தை இழுத்துப் பிடித்து டிராம்போன்களோடு கரைத்துவிடுகிறார். எது எங்கே முடிந்தது என்று தெரியாத அந்த இடங்களுக்காக மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாகம் 1974ல். அதில் லெஷெக் செமெல்கா வந்துவிட்டார், கீபோர்டும் பாட்டும். அதாவது கேள்வி கேட்டவரே, மூடிய வாய் மூன்றே வருஷத்தில் திறந்துவிட்டது, செக் மொழியில்.

ஜனவரி 26

கிளைக்கதை. கிட்டார் கம்பெனி பற்றி ஒருவர் கேட்டதால்.

1950களில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிளட்னா ஊரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை 'ரெசோனெட் கிராட்ஸியோசோ' என்று ஒரு மின்கிட்டார் செய்தது. அமெரிக்கச் சாமான் இறக்குமதி செய்ய முடியாத இங்கிலாந்துக் கடைகள் அதையே 'ஃபியூச்சுராமா' என்று பெயர் மாற்றி விற்றன. ஜார்ஜ் ஹாரிசன் ஹாம்பர்க் நாட்களில் வாசித்தது அதுதான். ஜிம்மி பேஜ் கையிலும் ஒன்று இருந்தது. கம்யூனிச நாட்டு மரத்தொழிற்சாலை இல்லாவிட்டால் பீட்டில்ஸின் ஆரம்பச் சத்தமே வேறு மாதிரி இருந்திருக்கும். இதை ஏன் அந்த நாட்டு அரசு பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்றால், அவர்களுக்கு பீட்டில்ஸும் ஆகாது.

ஜனவரி 30

'மோட்ரி எஃபெக்ட் அண்ட் ராடிம் ஹ்லாடிக்', 1975. குழுவின் பெயரோடு தன் பெயரையும் அட்டையில் போட்டுக்கொண்ட தட்டு. புதிதாகக் கேட்கிறவர்களை நான் இங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். 'சாயோவ்னா'வை வாசிக்க முயன்று தோற்றவன் நான். சுரங்கள் கஷ்டமே இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது அவர் எடுத்துக்கொள்கிற நேரம், அதுதான் வரமாட்டேன் என்கிறது. மெட்ரோனோமோடு வாசித்தால் உயிர் போய்விடுகிறது, இல்லாமல் வாசித்தால் நான் போய்விடுகிறேன். வீட்டில் "அந்தப் பாட்டை முடிச்சிட்டு வேற எதையாவது தொடங்குங்களேன்" என்று சொல்லியாயிற்று.

புல்லாங்குழலும் அவரே வாசிப்பார். கிட்டார்காரர் குழல் ஊதினால் பெரும்பாலும் பொழுதுபோக்காக இருக்கும். இவர் ஊதுவதைக் கேட்டால் கிட்டார் வரிகளில் ஏன் அவ்வளவு மூச்சு இருக்கிறது என்று புரிகிறது.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "சரி, இசை நன்றாக இருக்கிறது. நான் கேட்டது இசை பற்றி இல்லை" என்கிறார்.

ஒரு இசைக்கலைஞரின் வாழ்க்கையைப் பற்றிய பேச்சில் இசை சம்பந்தமில்லை என்றால் நான் என்ன எழுத? ஆனாலும் ஒரு தட்டைச் சொல்கிறேன், அது இரண்டுக்கும் சேர்த்து.

'ஸ்விட்டானியே', 1977, பிராட்டிஸ்லாவாவின் ஓபுஸ் வெளியீடு. பாஸ் கிட்டாருக்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து ஃபேடோர் ஃப்ரேஷோ வந்தார், ப்ரூடி, கொல்லேகியும் மூசிகும் குழுக்களில் பெயர் எடுத்தவர். நல்ல பாஸ்காரர் வந்ததும் ஹ்லாடிக்குக்குக் கால் தரையில் ஊன்றியதுபோல ஆகிவிட்டது, கிட்டார் கையை உதறிக்கொண்டு கிளம்புகிறது. நடுவில் 'ஏய் படா படா ரோசென்கா' என்று ஒரு மொராவிய நாட்டுப்பாட்டு. பனி பெய்கிறது, கண் சொருகுகிறது என்கிற எளிய கிராமத்துப் பாட்டு. அதை எடுத்து ராக் மேடையில் நிறுத்துகிறார்கள். ஹுட்காவோடு உட்கார்ந்த வருஷங்கள் வீண் போகவில்லை என்று எனக்கு அங்கேதான் படுகிறது. சார்ட்டர் 77 வந்த அதே வருஷம் வந்த தட்டு. தலைப்புக்குப் பொருள் விடியல்.

தலைப்பைக் காட்டி 'பார்த்தீர்களா குறியீடு' என்று நான் சொல்லப் போவதில்லை. எந்தக் கட்சிப் பத்திரிகையும் விடியல் என்று பெயர் வைக்கும்.

பிப்ரவரி 3

யாரோ: "பவ்லீச்செக்தான் பெரிய கிட்டாரிஸ்ட்."

இருக்கட்டும். மிகால் பவ்லீச்செக் பத்து வயது இளையவர், அவர் காலத்தில் விளையாட்டு விதிகள் வேறு. அவருடைய ப்ராஷ்ஸ்கி வீபியெர் குழுவை 1983ல் கட்சிப் பத்திரிகை 'டிரிபூனா' ஒரே கட்டுரையில் தீர்த்துக்கட்டியது. பதிவுசெய்து வைத்த தட்டு 1988 வரை கடைக்கு வரவில்லை. அதற்கு அப்புறம் நடந்தது சினிமா மாதிரி: அதே குழுவின் மிகாயெல் கோட்சாப் நாடாளுமன்ற உறுப்பினராகி, சோவியத் ராணுவம் வெளியேறுவதை மேற்பார்க்கும் குழுவின் தலைவரானார். 1991 ஜூனில் கடைசி சிப்பாய்க்கு வழியனுப்பும் கச்சேரியில் அமெரிக்க ராக் கிட்டார்காரர் ஃபிராங்க் ஸாப்பா அவர்களோடு மேடையேறி கிட்டார் வாசித்தார்.

ஹ்லாடிக் கதையில் இப்படிக் கைதட்டல் காட்சி எதுவும் கிடையாது. அதனால்தான் இந்த இழையில் அவருக்கு வக்கீல் தேவைப்படுகிறது.

பிப்ரவரி 8

இப்போது எதிர்த்தரப்புக்காகவும் நானே வாதாடுகிறேன், வேறு யாரும் செய்யவில்லை.

'ஸ்வியெட் ஹ்லெடாச்சூ', 1979. ஒல்ட்ஷிக் வெசெலி சிங்கோபி குழுவிலிருந்து வந்தார், செமெல்காவும் இருக்கிறார். இரண்டு கீபோர்டு, ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், பாஸ் கிட்டாரே கிடையாது. இசையாகப் பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. இசைக்கோப்பு இறுக்கம், குரல்கள் அடுக்கடுக்காக. ஆனால் பாட்டு வரிகள்? தேடல், நான் யார், பெண்களின் காலடி. யாருக்கும் வலிக்காத தத்துவம். செக் தெரிந்த நண்பரை உட்காரவைத்து வரி வரியாகக் கேட்டேன், நாலாவது பாட்டில் அவரே கொட்டாவி விட்டார்.

வார்த்தை இல்லாதபோது இந்தக் குழு ஆழமாக இருந்தது. வார்த்தை திரும்பக் கிடைத்தபோது சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கேள்வி கேட்டவர் 1971ஐக் குறிவைத்தார். குறிவைக்க வேண்டியது 1979ஐ. அதே காலத்தில் மிஷிக்கின் எட்செட்டெரா குழு கவிஞர்களின் வரிகளைத் தேடி எடுத்துப் பாடிக்கொண்டிருந்தது. மிஷிக்கை 1982ல் மேடையிலிருந்தே ஒதுக்கினார்கள். வார்த்தைக்கு விலை இருந்த நாட்டில் விலை கொடுத்த பாடகர் அவர்.

இதை ஹ்லாடிக் மேல் வைக்கலாமா? அவர் பாடலாசிரியர் இல்லை. ஆனால் குழுவின் தலைவர். வைக்கலாம்.

பிப்ரவரி 8, இரவு

தம்பி ஒருவர்: "அண்ணே, கட்சி மாறிட்டீங்களா?"

கட்சியில் இருந்தால்தானே மாறுவதற்கு.

பிப்ரவரி 9

பாஸ் இல்லாமல் எப்படி என்று கேட்டவருக்கு: கீபோர்டுக்காரரின் இடது கை சிந்தசைசரில் அந்த வேலையைப் பார்க்கிறது. அதனால் கீழ்ச்சுரங்களுக்கு விரல் நுனியின் உரசல் இல்லை, வழவழப்பு. சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு, அந்த வழவழப்பான தரையில் விளாடோ செக்கின் டிரம்ஸ் நடக்கிற சத்தம் பிடிக்கும். 1968லிருந்து கடைசிவரை ஹ்லாடிக்கோடு நின்ற ஒரே ஆள் அவர்தான். 1986ல் இறந்துபோனார். பாடகர்கள் போனபோது குழு மாறியது, விளாடோ போனபின் குழு தளர்ந்தே போயிற்று.

பிப்ரவரி 15

'33', 1981. இதுதான் அந்தத் தொடரின் கடைசி ஸ்டூடியோத் தட்டு. வெசெலி திரும்பிப் போய்விட்டார், மூன்றே பேர். 'பிராகின் அவிஞ்ஞோன் கன்னிகள்' என்று ஒரு பாட்டு, பிக்காசோ ஓவியத்தைத் தொட்டுக்கொண்டு. போன குறிப்பில் வரிகளைப் பற்றிக் கறாராக எழுதினேன், இந்தப் பாட்டுக்கு அதில் விலக்கு கொடுக்கலாம், குறும்பு இருக்கிறது. கிட்டாரும் சும்மா இல்லை, குரல் ஓய்கிற இடமெல்லாம் பாய்கிறது.

அதற்குப் பிறகு 1980கள் முழுக்கப் புது ஸ்டூடியோத் தட்டு எதுவும் இல்லை. முப்பத்தைந்து வயதில், கை உச்சத்தில் இருக்கும்போது. ஜெயில் இல்லை, தடையும் இல்லை, தட்டும் இல்லை. இதற்கெல்லாம் யாரும் மனு எழுத மாட்டார்கள்.

2004ல் பழைய ஆங்கிலப் பெயரிலேயே புளூ எஃபெக்டை இளையவர்களோடு மீண்டும் கட்டினார். சாகும்வரை அந்தக் குழுவோடுதான் மேடையேறினார்.

பிப்ரவரி 16

பழைய தட்டு வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: 1970களின் செக் அச்சு கனமாக, நன்றாகவே இருக்கும். அட்டைதான் ஓரம் பிரிந்திருக்கும். பார்ட்டிக்குப் போட்டுத் தேய்த்த தட்டு நிறைய வரும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெடிட்டாட்செ விலை அதிகம். ஸ்விட்டானியே அதைவிடக் குறைவாகக் கிடைத்தது எனக்கு, ஏனென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவரின் கடைசிப் பின்னூட்டம்: "ஸ்விட்டானியே கேட்டேன். கிட்டார் பிரமாதம். ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதான்."

சரி, அப்படியே இருங்கள். உங்களுக்கு வரிகள் முக்கியம் என்றால் ஹ்லாடிக்கை விட்டுவிட்டு மிஷிக் போன பக்கம் போங்கள். ஃபிளமெங்கோவின் 'குர்ஷெ வ் ஹோடின்காக்', 1972. வரிகள் முழுக்க கவிஞர் யோசெஃப் கைனார், தட்டு வருவதற்கு முந்தின வருஷமே இறந்துபோனவர். கடைகளுக்கு வராமல் இசைத்தட்டுச் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் போன பதிப்பு. அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், அடுத்த சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம். கிட்டார் சுமார்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.